சீயக்காய் குடித்த தட்டு

எனக்கு அருவருப்பு அதிகம். பிறவியிலேயே அப்படி. அடுத்தவர் வாய் வைத்த தம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன். சோற்றில் முடி கிடந்தால் தட்டோடு தள்ளிவிடுவேன். ஈரச் சாக்கில் கால் பட்டுவிட்டால் முழங்கால் வரைக்கும் கழுவினால்தான் எனக்கு நிம்மதி. மாதுங்காவில் என் பிறந்த வீட்டில் இதற்குச் சுத்தம் என்று பெயர். கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்த பிறகு இதற்குக் கொழுப்பு என்று பெயர் வைத்தார்கள்.

செம்பூரில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் மாடிக்கு ஒரு நீளமான கேலரி. அதற்கு இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக ஒற்றை அறை வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூலையைத் தடுத்து மோரி கட்டியிருப்பார்கள். பாத்திரம் கழுவுவது, குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் அந்த மோரியில்தான். கக்கூஸ் கேலரியின் கடைசியில், எல்லாருக்கும் பொது. அதைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் நீங்கள் இதைக் கீழே வைத்துவிடுவீர்கள். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் தேவ்னார் குப்பை நாற்றம், மறுபக்கமிருந்து அடித்தால் டிராம்பே எண்ணெய் நாற்றம். காற்றே அடிக்காவிட்டால் யாராவது ஒரு வீட்டில் பொம்பில் என்கிற கவிச்சி மீனை வறுப்பார்கள். நாங்கள் சைவம்.

அறுபதுகளின் நடுவில், இந்த நாற்றங்களுக்கு மத்தியில் எனக்கு இரண்டாவது தடவையாக நாள் தள்ளிப்போனது. முதலாவது, அதற்கு முந்தின வருஷம், நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதனால் இந்த முறை சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். போதாக்குறைக்கு மசக்கை வந்து என்னைப் பிடித்து உலுக்கியது. சோறு வெந்தால் குமட்டும். தாளித்தால் குமட்டும். என் கணவர் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினால், அந்த ஹார்பர் லைன் ரயில் கூட்டத்து வேர்வை மொத்தமும் அறைக்குள் வந்து உட்கார்ந்தது போல இருக்கும். ஓடிப்போய் மோரியில் குனிவேன். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன், கடைசியில் அந்த எலுமிச்சம்பழமும் குமட்ட ஆரம்பித்தது.

சயானில் பார்த்த டாக்டரம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாள், எடை பார்த்தாள், பிறகு என் கணவரைப் பார்த்துத்தான் பேசினாள். "ஏதாவது ஒண்ணு வயித்துல தங்கணும். இப்படியே எடை குறைஞ்சா குழந்தைக்கு நல்லதில்ல. போன தடவை என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கில்ல?" ஞாபகம் இல்லாமல் என்ன.

அந்த ஏதாவது ஒன்று எதிர்வீட்டிலிருந்து வந்தது.

எதிர்வீட்டு அக்கா சாத்தான்குளம் பக்கம், கிறிஸ்தவர்கள். அவள் வீட்டுக்காரருக்குத் தாராவியில் தோல் கிடங்கில் வேலை. அவர் கேலரியில் நடந்து போனால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், இன்னார் போகிறார் என்று. இதனாலேயே நான் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. வாசலில் நின்று பேசுவதோடு சரி. அக்கா அதைக் கவனித்தாளோ என்னவோ, ஒன்றும் கேட்டதில்லை. சுதந்திரத்துக்கு முன்னால் கொலாபாவில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி வீட்டில் அவள் சமையல் வேலை பார்த்தவள். ரொட்டி சுடுவாள் என்று தெரியும்.

ஒருநாள் காலை அவளே வந்து நின்றாள், கையில் ஒரு தட்டில் மூடி வைத்த ரொட்டித் துண்டு.

"என்ன பிள்ள, இன்னைக்கும் அப்படித்தானா? இந்தா, ஓமம் போட்டுச் சுட்டேன். முட்டை கிடையாது, பயப்படாத. ஒரு விள்ளல் வாயில போட்டுப் பாரு."

போட்டேன். அவள் மனம் நோகக் கூடாது என்று போட்டேன், மோரிக்கு எத்தனை அடி என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே போட்டேன். அடிப்பக்கம் மொறுமொறுப்பாக, உள்ளே பஞ்சாக, லேசான உப்போடு இருந்தது. விழுங்கினேன். காத்திருந்தேன். ஒன்றும் மேலே வரவில்லை. இன்னொரு விள்ளல். அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்து நான் முழுத் துண்டையும் தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

அதிலிருந்து தினமும் ஒரு துண்டு வந்தது. சாயங்காலம் என் கணவர் படியேறி வந்ததும் முதல் கேள்வி, "தங்குச்சா?" தங்கியது என்று தலையாட்டினால் அந்த மனிதர் முகத்தில் சம்பளம் கூடின மாதிரி ஒரு வெளிச்சம். எனக்கும்தான். வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

இப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஒரு நாள் பசி எனக்கு முந்திக்கொண்டது. ரொட்டி வருகிற நேரம் வரை பொறுக்க முடியாமல் எதிர்வீட்டு வாசலைத் தாண்டி நானே உள்ளே போய்விட்டேன். போனேனா, அவள் ரொட்டி சுடுகிற தட்டைப் பார்த்தேன்.

மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த ஒரு தகரப் பெட்டி, அதன் அடியில் மணல், கீழே சிகிடி என்கிற கரியடுப்பு, மூடியின் மேல் கொஞ்சம் தணல். அதுதான் அக்காவின் அடுப்பு. அதிலிருந்து எடுத்த சதுரத் தட்டைக் கீழே மணைப்பலகையில் வைத்திருந்தாள். ஊறுகாய் ஜாடி செய்கிற மாதிரி கனமான கல் பீங்கான், ஆனால் உள்ளே ஜாடிக்கு இருக்கிற பளபளப்பு கிடையாது. அது ஒரு காலத்தில் வெளிறின மண் நிறமாக இருந்திருக்க வேண்டும். விளிம்பில் ஒரு நகக்கண் அளவுக்கு அந்த நிறம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் கறுப்பு. வெறும் கறுப்பு என்றால்கூடப் பரவாயில்லை. எண்ணெய் ஏறி ஏறி, காய்ந்து காய்ந்து, அரக்கு மாதிரி பிடித்திருந்த கறுப்பு. மூலைகளில் அது தடித்து, பிசுபிசுவென்று வெளிச்சத்தில் மின்னியது. தலை எண்ணெய் படிந்த பழைய தலையணை உறையின் நிறமும் மினுமினுப்பும் அப்படியே அதில் இருந்தது.

அக்கா ரொட்டியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, ஒரு மூங்கில் சில்லால் தட்டைச் சுரண்டினாள். கருகின துணுக்குகள் உதிர்ந்தன. கொஞ்சம் கல் உப்பைப் போட்டுத் தேய்த்தாள், உதறினாள். பிறகு சுவரில் ஆணியில் தொங்கின ஒரு துணியை எடுத்து நன்றாகத் துடைத்தாள், வனஸ்பதியை விரலில் எடுத்துப் பூசினாள். முடிந்தது. தண்ணீர் இல்லை, சாம்பல் இல்லை, புளி இல்லை. அந்தத் துணி பழைய பனியன். யாருடைய பனியன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"கழுவ மாட்டீங்களா அக்கா?" என்றேன்.

"இதையா? கைக்கு வந்த நாள்ல இருந்து சோப்பு காட்டினதில்ல. துரைசாணி ஊருக்குக் கப்பல் ஏறும்போது இதை என் கையில கொடுத்துச் சொன்னா. சோப்பு போட்டா கல்லு குடிச்சிரும், அடுத்த ரொட்டியில கக்கும்னு. சூட்டோட தண்ணி ஊத்தினா விண்டுரும். கறுக்கக் கறுக்கத்தான் நல்லா ரொட்டி விடும்."

அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தட்டு வழக்கமாக இருக்கும் அலமாரி இடுக்கிலிருந்து இரண்டு மீசை எட்டிப் பார்த்தது. கரப்பான்பூச்சி. இத்தனை நாளும் நான் தின்றது இந்தத் தட்டின் மேல் வெந்ததைத்தான் என்று என் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. என் மோரிக்குப் போக நேரமில்லை. அக்காவின் மோரியிலேயே குனிந்தேன்.

நிமிர்ந்தபோது அக்கா தட்டை முந்தானையால் மூடியிருந்தாள். நான் எதைப் பார்த்துக் குமட்டினேன் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வாயால் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் முகம் என் பேச்சை என்றைக்குமே கேட்டதில்லை.

அதன் பிறகு ரொட்டி வந்தது, நான் தொடவில்லை. தொட முடியவில்லை. மூடியைத் திறந்தாலே அடிப்பக்கத்து மொறுமொறுப்பு கண்ணில் படும், அது மொறுமொறுப்பாக எனக்குத் தெரியாது, பனியனாகத் தெரியும். மோரைக் குடித்து மோரைக் கக்கினேன். கஞ்சியைக் குடித்துக் கஞ்சியைக் கக்கினேன். மறுபடி சயான். டாக்டரம்மா இந்தத் தடவை தயங்கவில்லை. திங்கட்கிழமை துணிமணியோடு வரச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்றாள். போன தடவை நான் படுத்திருந்த அதே வார்டு. அதன் பினாயில் வாடை நினைப்பிலேயே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பொறுமை இழந்துவிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் போட்டார். "வயித்துல பிள்ளை இருக்கு. நீ தட்டுல என்ன இருக்குன்னு பாத்துக்கிட்டு இருக்கே!"

"நீங்க அந்தத் துணியைப் பாக்கல."

"நான் பாக்கவும் வேண்டாம். தங்குச்சா இல்லையா, அதைச் சொல்லு."

கேலரியில் கதவு சாத்திப் பேசுகிற வழக்கம் கிடையாது. எதிர்வீட்டில் எல்லாம் கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். ரொட்டியோடு இல்லை, தட்டோடேயே வந்தாள். அதைப் பார்த்து நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு போய்விட்டிருந்தது. முழுக்கப் போகவில்லை, திட்டுத் திட்டாகப் போயிருந்தது. சாம்பல் நிறமும் மண் நிறமுமாக, நோயில் கிடந்து எழுந்தவள் முகம் மாதிரி வெளிறியிருந்தது அந்தத் தட்டு. அதற்குள் ஒரு ரொட்டி, பாதி ஒட்டிக்கொண்டு, பாதி பிய்ந்து.

"நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன் பிள்ள. நீயே பாரு. இனி அருவருப்பு கிடையாது. சாப்பிடு."

அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"சோப்பு போடக் கூடாதுன்னு சொன்னீங்களே அக்கா?"

"சோப்பு யார் போட்டா? சீயக்காய்தான் போட்டேன். ராத்திரி குழைச்சு அப்பி வச்சு, காலையில தேச்சேன். எண்ணெய்ப் பிசுக்கு எப்படி விட்டுச்சு தெரியுமா!"

இதில் அவளைத் தப்புச் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நம் ஆட்களுக்குச் சோப்பு வேறு, சீயக்காய் வேறு. சோப்பு கடையில் வாங்குகிற சரக்கு, சீயக்காய் கொடியில் காய்க்கிறது. தலையில் வைக்கிற எண்ணெயை எடுக்கும்போது தட்டில் இருக்கிற எண்ணெயை எடுக்காதா? துரைசாணி சோப்பைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். சீயக்காய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அக்கா முகத்தைப் பார்த்தேன். ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டேன்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வாய்க்குள் வழிந்துவிடுமே, அந்தக் கசப்பு. அது ரொட்டிக்குள் இருந்தது. மென்றால் நுரைக்கும் போலிருந்தது. மூக்கு வழியாக வெள்ளிக்கிழமைக் குளியல் வாடை ஏறியது. அன்றைக்கு நான் எடுத்த வாந்தியைப் போல அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. கேலரியே வந்து வாசலில் நின்று பார்த்தது. ஒருத்தி விசிறினாள், ஒருத்தி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி எல்லாம் பார்த்துவிட்டு, "பாப்ரே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்காவும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தாள். துப்பினாள். தட்டை மடியில் வைத்து, வெளிறின இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது அவளுக்கு. வர வேண்டிய கோபம்தான்.

"உங்க வீட்டு தோசைக்கல்லு என்ன நிறம்?"

கறுப்பு என்றேன்.

"அதை என்னைக்காவது சோப்பு போட்டுக் கழுவினியா?"

கழுவியதில்லை. வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பதோடு சரி. என் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். அது பழகின கல், அதன் மேல் தண்ணீர் பட்டாலே திட்டுவாள். ஆனால் தோசைக்கல் இரும்பு, அது வேறு என்றேன். எப்படி வேறு என்று அக்கா கேட்டாள். அது எங்கள் வீட்டுக் கறுப்பு, இது உங்கள் வீட்டுக் கறுப்பு என்றா சொல்ல முடியும்?

"ஒண்ணு செய்யி," என்றாள் அக்கா, தட்டை என் பக்கம் தள்ளி. "கல்லு குடிச்சதைக் கக்க வைக்கணும். பிறகு முதல்ல இருந்து பழக்கணும். நான் செஞ்சா உனக்குப் பிடிக்காது. நீயே செய்யி. உன் துணி, உன் எண்ணெய், உன் கை."

திங்கட்கிழமைக்கு அதிக நாள் இல்லை. எழுந்தேன்.

ஆறின தட்டில் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கொட்டினேன். முதல் தண்ணீர் சீயக்காய் நிறத்தில் இறங்கியது. கடலை மாவைக் குழைத்து அப்பிக் காயவிட்டு உதிர்த்தேன். மொட்டை மாடியில் வெயிலில் வைத்துக் காவல் இருந்தேன். அக்கா உப்பில்லாத மாவைத் தட்டி அதில் சுட்டுத் தூக்கிப் போட்டாள், வாடையை மாவு இழுத்துக்கொள்ளட்டும் என்று. அதை ஒரு காக்கை கொத்திப் பார்த்துவிட்டு அலகைச் சுவரில் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது. அடுத்ததை மோந்து பார்க்க நான்தான். குனிந்து மோந்து, ஓடிப்போய்க் கக்கி, வாய் கொப்பளித்து வந்து மறுபடி மோந்து, "இன்னும் இருக்கு அக்கா" என்பேன். மசக்கைக்காரி மூக்கை ஏமாற்ற முடியாது. வாடை போய்விட்டதா என்று பார்க்க அந்தக் கட்டிடத்தில் என்னைவிட நல்ல ஆள் கிடையாது.

ஒருவழியாக வாடை போனது. பிறகு எண்ணெய். என் வெள்ளைப் புடவை ஒன்றைக் கிழித்துத் துணி வைத்துக்கொண்டேன், இஸ்திரி போட்ட புடவை. விரலால் வனஸ்பதியை எடுத்து அந்த வெளிறின கல்லில் தேய்க்கத் தேய்க்க, கொடுத்ததெல்லாம் உள்ளே போனது. அப்படி ஒரு பசி அந்தக் கல்லுக்கு. சூடு காட்டி, ஆறவிட்டு, மறுபடி தேய்த்து. நகத்துக்குள் எண்ணெய், மணிக்கட்டில் எண்ணெய். முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்தேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், எனக்காக மட்டும் ஒரு சோப்புக் கட்டி கரைந்தது. ஆனாலும் மூலையில் முதல் பழுப்பு விழுந்தபோது, அது எந்த எண்ணெய், எந்தத் துணி, யார் கை என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் அழுக்கு. அதைப் பார்த்து வயிறு புரளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா அதில் ரொட்டி வைத்தாள். நெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, ஓமம் போட்டு. அடியில் லேசாகப் பிடித்தது. நான் மூங்கில் சில்லால் பிடித்ததைச் சுரண்டி எடுத்தேன். என் கணவர் கையில் தண்ணீர்ச் செம்போடு ஒரு பக்கம், அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பக்கம். நான் தின்றேன். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் காத்திருந்தோம்.

தங்கியது. ராத்திரி முழுக்கத் தங்கியது. திங்கட்கிழமை துணிமணி இல்லாமல் வெறும் கையோடு சயானுக்குப் போனோம்.

நாலாம் மாதம் வந்தது, போனது. ஐந்தாம் மாதத்தில் நான் சோறே சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். தட்டு எதிர்வீட்டுக்குத் திரும்பிப் போனது, ஆணியில் மறுபடியும் பனியன் தொங்கியது, நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன். அருவருப்பு எங்கேயும் போகவில்லை. அது என்னோடு பிறந்தது, என்னோடுதான் போகும்.

பெண் பிறந்தாள். தவழத் தொடங்கியதும் அவளுக்கு எங்கள் வீட்டு வாசல் எது, எதிர்வீட்டு வாசல் எது என்று பேதமே இல்லை. ஒரு நாள் தேடிக்கொண்டு போனேன். அக்கா வீட்டில், ஆற வைத்திருந்த அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் என் மகள். தட்டு பழையபடி கறுத்து, பழையபடி மினுங்கிக்கொண்டிருந்தது. மூலையில் கருகிப் பிடித்திருந்ததை அவள் நகத்தால் நோண்டி வாயில் வைத்தாள். அது போதவில்லை. குனிந்து நாக்கையே வைத்துவிட்டாள். மோவாயெல்லாம் எண்ணெய்.

அக்கா கையில் சில்லோடு அசையாமல் நின்று என்னைப் பார்த்தாள். நான் தூக்கப் போகிறேன் என்று நினைத்தாள்.

என் சுளிப்பு அக்கா கண்ணில் படக் கூடாது. முகத்தை மட்டும் கேலரிப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னேன்: "நக்கட்டும் அக்கா. நல்லா நக்கட்டும்."